குதிரை இல்லாத வீராங்கனை

சரித்திரக் கதை என்றால் குதிரை வேண்டும். கதாநாயகி வீரப் பெண்ணாயிருந்தால் கையில் வாளும் வேண்டும். இந்த விதியை யார் ஏற்படுத்தினார்களோ! ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இராஜபாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுதிய கதையிலும் இவ்விரண்டும் தவறாமல் இருந்தன. நேதாஜியின் ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண், பர்மாக் காட்டில் வெள்ளைக் குதிரைமீது உருவிய வாளுடன் பாய்கிறாள்!

"முதலில் குதிரையை விட்டு இறக்கு, அம்மா" என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று.

நடந்த கதையைச் சொன்னேன். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த ஸுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்றார். சென்னையில் வைத்தியம் படித்து அங்கே தொழில் நடத்திவந்த டாக்டர் லக்ஷ்மி தலைமை ஏற்றார். அக்டோபர் 22-ஆம் தேதி பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் யார்? மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்த தமிழ்ப் பெண்கள். பாரத பூமியைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் அவர்களிற் பலர். அவர்கள்தாம் சேலையை விட்டுக் காற்சட்டை அணிந்து, துப்பாக்கி சுடப் பயின்றார்கள்.

1944-இல் பர்மா சென்றார்கள். ஆனால் இம்பால் போர்முனை முறிந்துவிட்டது. குண்டுக் காயமும் மலேரியாவும் வயிற்றுக் கடுப்புமாகத் திரும்பிய ஜவான்களுக்கு மேமியோ ஆஸ்பத்திரியில் பணிவிடை செய்வதே இவர்களுக்கு வாய்த்த யுத்தம். 1945 ஏப்ரலில் நேதாஜியுடன் ரங்கூனை விட்டுப் புறப்பட்ட பிரிவினர், பகலில் விமானங்களுக்கு அஞ்சி மறைந்திருந்து, இரவெல்லாம் நடந்தார்கள். ரயிலில் அனுப்பப்பட்ட வேறொரு பிரிவைக் கெரில்லாக்கள் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோஸபின் என்ற இரு பெண்கள் உயிர் துறந்தார்கள்.

"சண்டையே போடாதவளை எப்படி, ஸார், கதாநாயகி ஆக்குவது?" என்றாள் மாணவி.

நியாயமான கேள்விதான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) அந்தக் காலத்தைச் சொல்லும் அருமையான நாவல். ஆனால் அதன் நடுவில் நிற்பவனும் பாண்டியன் என்னும் ஆண்மகனே. வாள் வீசுகிறவளை எழுதுவது சுலபம். சீழ் வடியும் புண்ணைக் கழுவுகிறவளை எழுத, எழுதுகிறவருக்கு அந்தத் துணியின் வாடை தெரிந்திருக்க வேண்டும்.

துணி என்றதும் ஒன்று நினைவு வந்தது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர் அல்லவா? இந்தப் பெண்ணின் தாயாரும் தறியில் அதைத்தான் நெய்கிறார். "உங்கள் வீட்டுத் துணி கடைசியில் எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை கதை திரும்பி வந்தது. குதிரையைக் காணோம். மேமியோவில் நள்ளிரவு, கட்டுத் துணி தீர்ந்துவிட்டது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரே சேலையைக் கதாநாயகி நாலு விரல் அகலத்துக்குக் கிழிக்கிறாள். கரையை மட்டும் தனியே ஒதுக்கி வைக்கிறாள்.

"பிறந்த வீட்டு ஞாபகத்துக்காகவா?" என்றேன்.

"இல்லை, ஸார். கரை நெசவு கெட்டி, இரத்தத்தை உறிஞ்சாது" என்றாள். அம்மாவைக் கேட்டாளாம்.