டிரைவ் காணோமா? பதற வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம்!



நம் குழுக்களின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு எல்லாம் இப்போது கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரிலும் ஏற்றப்படுகிறது. அவை இருக்கும் இடம் சிபியு பெட்டிக்குள் உள்ள ஹார்டு டிஸ்க். சில அலுவலகங்களில் விண்டோஸுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என இரண்டு டிஸ்க் இருக்கும். ஒருநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் மற்றதெல்லாம் வரும், கணக்கு இருந்த டிரைவ் மட்டும் காணாது. "அய்யோ, எல்லாம் போச்சே" என்று நினைக்காதீர்கள். டிரைவ் தெரியவில்லை என்பதாலேயே கணக்கு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கீழே உள்ளபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. ஒயர்: கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்கவும். முதலில் பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொடவும். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் உள்பாகங்களைக் கெடுத்துவிடும். டிஸ்க்கில் இரண்டு ஒயர் இருக்கும். அகலமானது கரண்டுக்கு, குறுகலானது தகவலுக்கு. வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தினால்கூட இவை தளர்ந்துவிடும், எலியும் கடிக்கும். கழற்றி, மறுபடி அழுத்திச் செருகவும். வேறு ஒயர் இருந்தால் மாற்றிப் பார்க்கவும்.

2. பயாஸ்: ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டினால் பயாஸ் திரை வரும். பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கேயும் டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால் ஒயர், செருகும் இடம், டிஸ்க் இவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடவும்.

3. டிஸ்க் மேனேஜ்மென்ட்: பயாஸில் பெயர் இருந்தால், விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து இதைத் திறக்கவும். சில சமயம் டிரைவுக்கு டி, இ போன்ற எழுத்து மட்டும் விட்டுப்போயிருக்கும். ரைட் கிளிக் செய்து எழுத்தைக் கொடுத்தால் கணக்கு பழையபடி தெரியும்.

கவனம்! 'இனிஷியலைஸ் செய்யவா?', 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். அது காலி டிஸ்க்குக்கு உரியது. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் மீட்கக்கூடிய தகவலும் போய்விடும். தகவல் மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடையில் "ஃபார்மட் பண்ணித் தர்றேன்க்கா" என்றால், "உள்ள கணக்கு இருக்கு தம்பி, அதைத் தொடக் கூடாது" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை கணக்கை வேறொரு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நகல் எடுத்து, அலுவலகத்துக்கு வெளியே பத்திரமாக வைக்க வேண்டும். பதிவேடு எழுதுவதையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் "நகல் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த நம் பணத்தின் கணக்கு அது. கேட்கும் உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு!