நாணயமும் போர்க்களமும்: ஸ்ட்ரீட் பைற்றர் இரண்டாம் பாகம் பற்றிய ஒரு நோக்கு

மடுல்சீமைத் தோட்டமொன்றின் லயத்திலே, ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பத்துப் பன்னிரண்டு சிறுவர் குழுமியிருந்து, மலிவான நகற் கருவியொன்றில் முறைவைத்து ஆடிய சண்டை விளையாட்டொன்றை இலக்கிய மாணவன் ஆய்வுப் பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். அச்சிறுவருள் இக்கட்டுரையாளனும் ஒருவன். அன்று எம்மை ஈர்த்தது எது என்பதை அவ்விளையாட்டின் உற்பத்தி நிலைமைகளோடு இணைத்து நோக்குவதே இங்கு நோக்கமாகும்.

யப்பானிய நிறுவனமான கப்கொம் 1987இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் பைற்றர், நாணயமிட்டு ஆடும் இயந்திரங்களுள் ஒன்று. அதில் முதலாவது ஆட்டக்காரனுக்கு றியூ, இரண்டாமவனுக்குக் கென் என்ற வீரர் மட்டுமே கிடைத்தனர். ஏனையோர் யாவரும் இயந்திரம் இயக்கும் எதிரிகள். அடியின் வலிமையை அளக்கும் அழுத்துமேடைகள் அதன் ஒரு வடிவத்திற் பொருத்தப்பட்டிருந்தன. கைவலுவே அங்கு அளவுகோல். அகிரா நிஷிதானி, அகிரா யசுதா ஆகியோர் வடிவமைத்து 1991இல் வெளிவந்த இரண்டாம் பாகமோ எட்டு வீரரை ஆட்டக்காரர் தெரிவுக்கு விட்டது. மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பொத்தான்கள். வீரர் ஒவ்வொருவருக்கும் வேகம், எட்டுந் தூரம், பலவீனம் ஆகியன வேறுவேறு. எவரையெவர் எதிர்கொள்கின்றனர் என்பதற்கேற்ப ஆட்டத்தின் தர்க்கமே மாறிற்று.

இம்மாற்றத்தின் உட்பொருளை நாணயத்தைக் கொண்டே விளங்க வேண்டும். மனிதன் இயந்திரத்தோடு மோதும் விளையாட்டில், அவனை விரைவாக வீழ்த்துவது முதலாளியின் நலன். நீடித்து நிற்பது அவனது நலன். இரண்டாம் பாகத்தில், ஒருவன் ஆடிக்கொண்டிருக்கையிலேயே மற்றொருவன் நாணயமிட்டு அறைகூவலாம். தோற்றவன் விலக, வென்றவன் புதிய நாணயமின்றித் தொடர்வான். இரண்டு மூன்று குறுகிய சுற்றுக்களுக்கொருமுறை எவனோ ஒருவனுடைய நாணயம் விழுந்தே தீரும். மூலதனத்தின் சுழற்சி இதனால் விரைவுபட்டது என்பது வெளிப்படை. ஆனால் அதே ஏற்பாடு இயந்திரத்தை எதிரியின் நிலையிலிருந்து இறக்கி, களமாக்கிவிட்டது. சுற்றி நின்றோர் பார்த்துக் கற்றனர். ஒருவனின் உத்தி மறுநாள் பலரின் உத்தியாயிற்று. இலாபத்தை நாடிய ஒழுங்கே கூட்டறிவுக்கும் இடமளித்த முரண்பாடு இது.

இதற்கு நல்ல சான்று ‘கொம்போ’ எனப்படும் அடித்தொடர். முதலடியிலிருந்து எதிரி மீள்வதற்குள் அடுத்த அடியைச் சேர்க்கும் இம்முறை திட்டமிட்டு ஆக்கப்பட்டதன்று. காரை உடைக்கும் இடைச்சுற்றைப் பரிசோதிக்கையில் நொரிடகா புனமிசு இதனை அவதானித்தார். மிகக் கடினமானது, பெரிதும் பயன்படாது எனக் கருதி அப்படியே விட்டனர். ஆட்டக்காரர் அதனைக் கண்டுபிடித்து, பயின்று, ஆட்டத்தின் நடுநாயகமாக்கினர். 1993இல் வந்த சூப்பர் பதிப்பு அடித்தொடர்களைத் திரையில் எண்ணிக் காட்டத் தொடங்கிற்று. எம் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடப்படுமிடந்தோறும் வேறுபடுவதை அறிந்தோர்க்கு, பனுவலொன்று அதனை நிகழ்த்துவோர் கையில் வளர்வது புதிதன்று. இங்கு வேறுபாடு யாதெனில், வளர்ச்சியின் உரிமை நிறுவனத்திடமே தங்கிற்று. அனுமதியின்றித் திருத்தப்பட்ட கள்ளப்பதிப்புக்கள் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டி வரவேற்புப் பெற்றபோது, நிறுவனமும் 1992இன் இறுதியில் விரைவு கூட்டிய பதிப்பொன்றை விற்பனைக்கு விட்டது. நாம் ஆடியதும் நகலே என்பதால், கள்ளப்பதிப்புக்களை இகழும் தகுதி எனக்கில்லை.

காட்சிநிலையில் இவ்விளையாட்டு உலகை எளிய முத்திரைகளாகச் சுருக்குகின்றது. பிரேசிலுக்குப் பச்சைநிறக் காட்டுமனிதன். சோவியத் ஒன்றியத்துக்கு மல்லன் சாங்கீப். (அவ்வொன்றியம் அவ்வாண்டு இறுதியிலேயே கலைந்தது.) இந்தியாவுக்குத் தல்சிம்: யோகி, மெலிந்த மேனி, கழுத்திலே மண்டையோடுகள், பின்னணியில் யானைகள். மேலைச் சந்தையும் யப்பானும் பகிர்ந்துகொண்ட கீழைத்தேயக் கற்பனை இதுவெனக் கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும். அம்மண்டையோடுகள் கொள்ளைநோயில் இறந்த அவனது ஊர்க் குழந்தைகளுடையவை எனக் கதை கூறுகின்றது. வறிய ஊர்மக்களுக்குப் பொருளீட்டவே அவன் சண்டையிடுகின்றான். வறுமை அங்கு அலங்காரமாகின்றது.

ஆயின் விதிகளின் நிலையில் தல்சிம் இரக்கத்துக்குரியவனல்லன். நடை மந்தம், கைகால்களோ நீண்டு திரையின் பெரும்பகுதியைக் கடந்து தாக்குவன. நெருங்கவிட்டால் தோற்பான். எனவே தூரத்தைக் காப்பதும், எதிரியின் அடுத்த அசைவை முன்னுணர்வதுமே அவனது போர்முறை. வலியவன் வெல்வான் என்ற முதற்பாகத்து அழுத்துமேடைத் தர்க்கத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. படம் தாழ்த்திய உடலை விதி சமனாக்குகின்றது. இவ்விரண்டும் ஒரே பண்டத்தினுள் அருகருகே இருக்கின்றன.

எம் லயத்தில் அவனை எவரும் முதலிலே தெரிவுசெய்ததில்லை. றியூவையும் கென்னையும் பெரியவர்கள் கைப்பற்றிக்கொள்வர். கடைசியாக வருபவனுக்கே தல்சிம். “எங்கட ஆள்தானே, எடுடா” என்று சிரிப்பார்கள். அவ்வாறு எப்போதும் கடைசியாக வந்த சிறுவனொருவன், இரண்டு பள்ளி விடுமுறைகளுக்குப் பின், முழு லயத்தையும் தூரத்திலே நிறுத்தி அடிக்கக் கற்றிருந்தான்.