கண்டலும் சாதாழையும் முருகையும்

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனப் படித்த மாணவர், அந்நிலத்தின் கருப்பொருள்களை ஒன்றும் விடாது ஒப்புவிப்பர். ஆயின் அக்கருப்பொருள்கள் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதைச் சிந்திப்போர் சிலரே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்திசை சென்றாலும் சில மைல்களுள் கடலோ பரவைக்கடலோ எதிர்ப்படும். நாம் கிணறு வெட்டும் சுண்ணாம்புப் பாறையே ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கடலிற் படிந்ததாகும். ஆதலின், நம் கரைக்கடல் வாழும் முறையினை இம்மலர் வாயிலாகச் சிறிது விளக்க விழைகின்றோம்.

வெப்பவலயக் கடலின் நீலத் தெளிவைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். உண்மையில் அத்தெளிவு வறுமையின் அடையாளம். வெயிலாற் சூடேறிய மேல்நீர் இலேசாகி மேலேயே மிதக்கின்றது. கீழுள்ள குளிர்நீரோடு எளிதிற் கலப்பதில்லை. இறந்த உயிர்களின் எச்சங்கள் அடியில் அமிழ்ந்துவிட, அவற்றிலுள்ள உரச்சத்து மேலே மீள்வது அரிதாகின்றது. அங்ஙனமாயின் கரையோரத்தில் மீனும் நண்டும் இறாலும் மிகுந்திருப்பது எங்ஙனம்? கிடைத்த சிறு சத்தையும் வீணே போகவிடாது பிடித்துவைத்துக் கைமாற்றிக் கொடுக்கும் மூன்று காவலர் அங்கே உளர். அவர்தாம் கண்டலும் சாதாழையும் முருகையும்.

நெய்தற் பாட்டுக்களிற் பயின்று வரும் கண்டல், உப்பு நீரும் சேறும் கலந்த நிலத்தில் வளர்வது. சேற்றினுட் காற்று இல்லை. ஆதலின் வெண்கண்டல் தன் மூச்சுவேர்களை நிலத்தின் மேலே நீட்டிச் சுவாசிக்கின்றது. மிகுந்த உப்பை இலைவழியே வெளியேற்றுகின்றது. கண்டலின் விதையோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்டு தொங்கி, பின் சேற்றில் விழுந்து வேரூன்றுகின்றது. சிதம்பரத்தின் தலமரமாய் நாம் போற்றும் தில்லையும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. உதிரும் இலைகளை நண்டுகள் துணித்து உண்கின்றன. எஞ்சியதைப் பக்டீரியாவும் பூஞ்சணமும் பற்றி மக்கச் செய்கின்றன. அம்மக்கே இறாற் குஞ்சுக்கும் சிறு மீனுக்கும் உணவு. மழைநீர் அடித்துவரும் வண்டலையும் அவ்வேர்கள் தடுத்து நிறுத்துகின்றன.

அடுத்தது சாதாழை. இதனைப் பாசி என்பார் உளர், அது பிழை. இது வேரும் பூவும் உடைய தாவரம். நிலத்திலிருந்து கடலுட் புகுந்த குடி. ஒளி அடிவரை எட்டும் ஆழங்குறைந்த பாக்குநீரிணைப் பகுதி இதற்கு உவப்பான இடம். தன் வேரால் மணலைப் பிணித்து, தன் இலையால் நீரோட்டத்தைத் தணித்து, கலங்கலை அடியிற் படியச் செய்கின்றது. நம் சமையலறையில் மதிப்புப் பெற்ற ஒரா மீன் இதனை மேய்வது. ஆவுளியா எனவும் கடற்பன்றி எனவும் வழங்கும் பேருயிருக்கு இதுவே முதன்மை உணவு.

முருகையைக் கல் என்று எண்ணி நெடுந்தீவில் வேலியாக அடுக்கினர் நம் முன்னோர். உயிருள்ளபோது அது கல்லன்று. சின்னஞ்சிறு உயிர்கள் திரண்டு வாழும் ஊர். ஒவ்வோர் உயிரின் உடலுள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக் கொண்டு சமைத்த உணவிற் பெரும்பங்கைத் தனக்கு இடந்தந்த உயிருக்கு அளிக்கின்றது. அவ்வுயிர் தன் கழிவைப் பாசிக்கு உரமாக்குகின்றது. வறிய நீரில் வளமான ஊர் எழுவதன் மறைபொருள் இதுவே.

இனி, இம்மூன்றும் தம்முள் பிணைந்த வகையைக் காண்போம். முருகைத் தொடர் அலையை உடைத்து அடக்குவதால் உட்புறம் அமைதியான நீர் உண்டாகிச் சாதாழையும் கண்டலும் தழைக்கின்றன. கண்டலும் சாதாழையும் சேற்றை வடிப்பதால் முருகைக்குத் தெளிந்த நீர் கிடைக்கின்றது. விளைமீன் குஞ்சுப் பருவத்தைச் சாதாழையிற் கழித்து, வளர்ந்தபின் முருகைப் பாரை நாடுகின்றது. இறால் திறந்த கடலில் முட்டையிட, குஞ்சுகள் பரவைக்கடலுட் புகுந்து வளர்ந்து மீளவும் கடல் சேர்கின்றன. ஆகவே ஒன்றை அழித்து மற்றையவற்றைக் காத்தல் இயலாது.

அழித்ததன் பயனை நம் நாடே கண்டிருக்கின்றது. தென்மேற்குக் கரையிற் சுண்ணாம்பு சுடுவதற்காக முருகையை நெடுங்காலம் அகழ்ந்தனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது பெரலியாவிற் புகைவண்டியே புரண்டது. அண்மையில், முருகைத் தொடர் எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அலையின் வலி தணிந்திருந்தது. முருகை அகழ்ந்தமை இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என ஆய்ந்தோர் கூறினர். கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தினும் ஓரிரு பாகை மிகுந்து சில வாரம் நிலைத்தால், முருகை தன் பாசியை வெளியேற்றி வெளிறுகின்றது. நீடித்தாற் பட்டினியால் இறக்கின்றது. 1998இல் நம் கரையோரத்துப் பல இடங்களில் இவ்வாறு நிகழ்ந்தது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியோ சாதாழையை வேரோடு பறிக்கின்றது. அத்தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தினால் தடைசெய்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது.

உலகவெப்பத்தை நாம் தனித்து நின்று தணித்தல் அரிது. ஆயின் நீரோட்டம் தடைப்படாதவாறு தாம்போதிகளிற் போதிய வாயில் வைத்தல், பரவைக்கரையிற் குப்பையும் மண்ணும் கொட்டிக் கண்டலை மூடாதிருத்தல், தோட்டத்து உரம் அளவின்றிக் கடல் சேராமற் காத்தல் ஆகியன நம் கைக்கு எட்டுவன. பழைய மாணவருட் பொறியியலாளரும் நிருவாகிகளும் கமக்காரரும் உளர். அவரவர் கடமையில் இதற்கு இடமுண்டு. வகுப்பில் நெய்தல் படிக்கும் மாணவர், ஒருநாள் வற்றுநீர்ப் பொழுதிற் பரவைக்கரைக்குச் சென்று கண்டலின் வேரைக் கண்ணாற் காண்பாராக. கடலை நம்பி வாழும் குடும்பங்களின் நாளைய உலை, அவ்வேரிலும் அந்தப் புல்லிலும் அக்கல்லிலும் தங்கியுள்ளது.