அளாப்பியும் ஆட்டங்குழப்பியும்

அறுவடை முடிந்த வயல்வெளியிலே சிறுவர்கள் கிளித்தட்டு மறிப்பதை நாம் பலமுறை நின்று பார்த்ததுண்டு. அவ்வாறு பார்த்த ஒரு மாலைப்பொழுது இன்னமும் நம் நெஞ்சை விட்டகலவில்லை. பையன் ஒருவன், கிளியின் கை தன்மேற் பட்ட பின்னரும் படவேயில்லையென்று சாதித்தான். பெருங்கூச்சல் எழுந்தது. "அளாப்பாதே!" என்று ஏனையோர் அதட்டினர். சிறிது நேரத்தில் ஆட்டம் தொடர்ந்தது. அவனுந் தொடர்ந்து ஆடினான். பின்னர் வேறொருவன், தோற்குந் தறுவாயில், "இது என்ன, மண்ணிலே கீறின கோடுதானே!" என்று சொல்லி, அதனைக் காலால் தேய்த்துவிட்டு நடந்தான். அத்தோடு ஆட்டங் கலைந்தது. அளாப்பியவனைப் பொறுத்துக்கொண்ட சிறுவர்கள், இவனை மறுநாளும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பொய் சொன்னவனுக்கு மன்னிப்பு, மெய் சொன்னவனுக்குத் தண்டனை! கோடு மண்ணிலே கீறியதுதானே? பின் ஏன் இத்துணைச் சினம்?

இவ்வினாவைப் பெரிதாக எடுத்து ஆராய்ந்த அறிஞர் ஒருவர் இருந்தார். ஒல்லாந்து தேசத்து யோகான் ஹொய்சிங்கா என்பவரே அவர். 1872ஆம் ஆண்டு குறொனிங்கன் நகரிற் பிறந்த இவர், இளமையிலே பயின்றது வடமொழி. 1897இல் கலாநிதிப் பட்டத்துக்காக இவர் எழுதிய ஆராய்ச்சி, வடமொழி நாடகங்களில் வரும் விதூஷகனைப் பற்றியது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அதன்பின் ஹார்லெம் நகரப் பாடசாலையொன்றில் 1905 வரை சரித்திர ஆசிரியராக இருந்தார். (நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு இது ஓரளவு ஆறுதல் தருஞ் செய்தி.) 1915இல் இலெய்டன் பல்கலைக்கழகத்திலே சரித்திரப் பேராசிரியரானார். 'ஹோமோ லூடென்ஸ்', அதாவது 'விளையாடும் மனிதன்' என்னும் அவரது நூல் 1938இல் வெளிவந்தது.

சூரிக்கிலும் வியன்னாவிலும் இலண்டனிலும் அவர் இப்பொருள்பற்றிப் பேசச் சென்றபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பேச்சின் தலைப்பு 'பண்பாட்டினது விளையாட்டுக் கூறு' என்பது. அழைத்தவர்களோ அதனைப் 'பண்பாட்டில் விளையாட்டுக் கூறு' என்று திருத்த முனைந்தனர். அவர் ஒவ்வொரு முறையும் மறுத்தார். பண்பாடு என்னும் பெரிய வீட்டில் விளையாட்டு ஒரு மூலையில் இருக்கிறது என்பதன்று அவர் கருத்து; பண்பாடே விளையாட்டாகத் தோன்றி, விளையாட்டாகவே வளர்ந்தது என்பதே. ஏழாம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் உள்ள பேதம் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதென எண்ணும் மாணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

நீதிமன்றத்தைப் பாருங்கள் என்கிறார் ஹொய்சிங்கா. எல்லை வகுத்த ஓரிடம். அதற்கென ஓர் உடை. ஆங்கில நீதிபதி தலையிலே பொய்ம்மயிர். யார் எப்போது பேசலாம் என்பதற்கு விதி. முடிவில் வெற்றி, தோல்வி. வேதகாலத்து வேள்விகளில் நடந்த விடுகதைப் போட்டிகளையும் பாரதத்துச் சூதாட்டத்தையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். பாடசாலையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் 'ஓய்வு' என்பதையும் சொல்கிறார். இதனை நம் மாணவர்களிடங் கூறினால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

வடமொழியில் விளையாட்டைக் குறிக்குஞ் சொற்களை அவர் ஓர் அதிகாரத்தில் ஆராய்ந்துள்ளார். தமிழ் மாணவர் இதே ஆராய்ச்சியை 'ஆடு' என்னும் வினையிலிருந்து தொடங்கலாம். பந்தாடுகிறோம், கூத்தாடுகிறோம், ஊஞ்சலாடுகிறோம், நீராடுகிறோம், உரையாடுகிறோம், வழக்காடுகிறோம்; போர்க்களத்திற்குச் சென்றும் போராடுகிறோம். நூல் முழுவதையும் ஒரு வினைச்சொல் தன்னுள் அடக்கி வைத்திருப்பது போலத் தோன்றவில்லையா?

ஹொய்சிங்கா சொன்னவை யாவும் மறுப்பின்றி ஏற்கப்பட்டனவல்ல. விளையாட்டாற் பொருளாதாயம் இல்லையென்று அவர் கூறியதால், பணயம் வைத்தாடுஞ் சூது அவரது இலக்கணத்துக்குட் சரியாக அடங்கவில்லை. இக்குறையை எடுத்துக் காட்டிய பிரெஞ்சு அறிஞர் ரொஜே கையுவா, 1958இல் வெளியிட்ட நூலில் விளையாட்டுக்களைப் போட்டி, அதிட்டம், பாவனை, கிறுகிறுப்பு என நான்காக வகுத்தார். சிறுமியர் மணற்சோறு ஆக்குவது பாவனை. தட்டாமாலை சுற்றுவது கிறுகிறுப்பு. வகுப்பு நன்று. எனினும், நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை தருபவர் ஹொய்சிங்காவே.

அளாப்புபவன் கோட்டை மதிப்பவன் போல நடிக்கிறான். ஆகவே கோடு நிலைத்திருக்கிறது. ஆட்டங்குழப்பியோ அந்தச் சிறு உலகத்தின் மெல்லிய தன்மையை வெளிப்படுத்தி, அதனையே உடைத்துவிடுகிறான். நாடுகளுக்கிடையேயுள்ள சட்டமும் இத்தகைய கோடுதான் என்றார் அவர். கொடுத்த வாக்கைக் காக்க வேண்டியதில்லையென ஓர் அரசு வெளிப்படையாக விலகினால், ஏனையோர் அதனை ஒதுக்கும் வலிமையற்றிருப்பின், அக்கட்டமைப்பே சரியும். சின்னங்களை அணிந்து அணிவகுத்துக் கோஷமிடுங் கூட்டங்களை அவர் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. வளர்ந்தோரின் சிறுபிள்ளைத்தனம் என்றே கண்டார்.

இவை ஏட்டளவில் நின்ற சொற்களல்ல. 1933இல் அவர் இலெய்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். அவ்வாண்டு அங்கு கூடிய சர்வதேச மாணவர் மகாநாட்டுக்கு ஜெர்மன் குழுவின் தலைவராக வந்திருந்த யோகான் வொன் லேயர்ஸ், யூதருக்கெதிராகக் கொடிய துண்டுநூல் ஒன்றை எழுதியவர். ஹொய்சிங்கா அவரை அழைத்து, "இதனை எழுதியவர் நீர்தாமா?" எனக் கேட்டறிந்து, பல்கலைக்கழகத்தின் விருந்தினராக இனி இருத்தல் இயலாதென்று கூறினார்; அவருக்குக் கைகொடுக்கவும் மறுத்தார்.

1940இல் நாஜிப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. அவ்வாண்டு நவம்பரிலே இலெய்டன் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1942 ஆகஸ்டில், எழுபதை எட்டிக்கொண்டிருந்த ஹொய்சிங்காவைப் பணயக்கைதியாகப் பிடித்துச் சிறைவைத்தனர். உடல்நலங் குன்றியமையால் அக்டோபரில் விடுவித்தார்களேனும், இலெய்டனுக்குத் திரும்ப அனுமதிக்கவில்லை. ஆர்னெம் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றிலே வாழ்ந்து, 1945 பெப்ரவரி முதலாந் தேதி காலமானார். மே மாதத்தில் ஒல்லாந்து விடுதலை பெற்றது. பல்கலைக்கழகத்தின் கதவுகள் அவ்வாண்டிலேயே மீண்டுந் திறந்தன.