பன்றிக்கு வைத்த மருந்து நம் கையைப் பறித்துவிடும்

“குற்றாலம் மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை போட்டிருக்கிறேன். ராத்திரிக்கு ராத்திரி பன்றி வந்து உழுதுவிட்டுப் போகிறது. தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் கிடக்கிறது. மருந்தும் பால்ரஸும் வீட்டிலேயே தயார் செய்துகொண்டால் தப்பா, சார்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தப்புதான். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. கடையம், மேக்கரை, வடகரைப் பக்கம் போனால் இதே புலம்பல்தான். ஆனால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயியைப் பார்த்தேன். மருந்து கெட்டிக்கும்போது வெடித்து, வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அதன்பின் அவரால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. பன்றி தின்றது ஒரு போகம். மருந்து தின்றது அவர் பிழைப்பை. உரசலோ சிறு பொறியோ போதும், அது வெடித்துவிடும். அடுப்பு எரியும், பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

சட்டமும் கடுமையானது. 1959 ஆயுதச் சட்டப்படி, பயிர்க் காவலுக்கான நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அனுமதியின்றித் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. அதற்கு 1972 வன உயிரினச் சட்டம் தனி. உரிமமில்லாத துப்பாக்கியை வக்கீலிடம் யோசனை கேட்டு, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

அவுட்டுக்காயும் வேண்டாம். 2020 மே மாதம் கேரளத்தில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை, வாய் சிதைந்து வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. நம் பக்கம் ஆடு மாடும் அதே வரப்பில்தான் மேய்கிறது.

வேறு என்ன செய்யலாம்?

* சூரிய மின்வேலி போடுங்கள். விட்டுவிட்டு வரும் அதிர்ச்சி பன்றியை விரட்டும், கொல்லாது. மானிய விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடவே கூடாது. அது ஆளைக் கொல்லும்.
* ஓரத்தில் ஆமணக்கை நெருக்கி விதையுங்கள்.
* காய் முற்றும் நாட்களில் பக்கத்து வயல்காரர்களோடு முறை வைத்துக் காவல் இருங்கள்.
* சேதமானால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள்.

2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். உங்கள் வயல் எந்த எல்லையில் வருகிறது என்று வனவரிடம் முதலில் கேளுங்கள். ஊராகச் சேர்ந்து மனு கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கடலை போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். விரல் போனால் முளைக்காது.