உல்லாசக் கப்பல்கள்: அன்றும் இன்றும்

கப்பலின் பயன் யாது என்று கேட்டால், ஆளையும் சரக்கையும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டு சேர்ப்பது என்று பள்ளிச் சிறுவனும் விடை கூறிவிடுவான். ஆனால், புறப்பட்ட துறைமுகத்திற்கே ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருவதற்காக ஆயிரக்கணக்கானோர் பணம் கொடுத்து ஏறும் கப்பல்களும் உலகில் உண்டு. அவையே உல்லாசக் கப்பல்கள். இவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு வளர்ந்தன, அவ்வளர்ச்சியின் சுமையைத் தாங்கியவர் யார் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குளிர்காலத்தில் பிறந்த எண்ணம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றோர் இலட்சக்கணக்கானோர். கீழ்த்தளங்களில் நெருக்கியடித்துச் சென்ற அவ்வேழை மக்களின் கட்டணமே கப்பல் கம்பெனிகளுக்குப் பெரும் வருவாய். ஆனால், குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும், பயணிகள் குறைவர், பெருங்கப்பல்கள் துறைமுகத்தில் வீணே கிடக்கும்.

ஹாம்பர்க்-அமெரிக்கக் கப்பல் கம்பெனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 1891-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் 'அகஸ்டா விக்டோரியா' என்னும் கப்பலை, 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். தாமும் உடன் சென்றார். ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த அப்பயணம் வெற்றி பெற்றது. சும்மா கிடக்கும் கப்பலுக்கு வேலை தேடப் போய், ஒரு புதிய தொழிலே பிறந்துவிட்டது! 1900-ஆம் ஆண்டில் உல்லாசப் பயணத்திற்கென்றே கட்டிய 'பிரின்செசின் விக்டோரியா லூயிஸ்' கடலில் இறங்கியது. 1906-ஆம் ஆண்டு இறுதியில் ஜமைக்கா அருகே தரைதட்டி அழிந்த போதிலும், அது காட்டிய வழி அழியவில்லை.

1920-ஆம் ஆண்டுகளில் இரண்டு அமெரிக்கச் சட்டங்கள் இத்தொழிலுக்கு உரமூட்டின. 1921, 1924 ஆகிய ஆண்டுகளின் குடியேற்றச் சட்டங்கள் குடியேறுவோர் தொகையைக் குறைத்தன. காலியான இடங்களை நிரப்பக் கம்பெனிகள் நடுத்தர வகுப்புச் சுற்றுலாப் பயணிகளை நாடின. 1920 முதல் 1933 வரை அங்கு மதுவிலக்கு இருந்தது. நாட்டின் கடல் எல்லையைத் தாண்டியதும் அயல்நாட்டுக் கப்பலில் மது கிடைக்கும் என்பதற்காகவே குறும்பயணம் சென்றோரும் பலர்.

விமானம் செய்த மாற்றம்

ஆயினும், 1950-ஆம் ஆண்டுகள் வரை பயணிகள் கப்பலின் தலையாய பணி போக்குவரத்தே. வேகமே அதன் பெருமை. 1958-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. பிறகு கப்பலில் யார் ஏறுவர்?

இம்மாற்றம் நம் கடற்கரைக்கும் வந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகத் தமிழரைச் சுமந்த 'ரஜூலா' 1973-இல் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீ விபத்துக்குள்ளானபின் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை.

ஒரு கப்பல், மூன்று பெயர்கள்

இவ்வரலாறு முழுவதையும் ஒரே கப்பலில் காணலாம். 1960-ஆம் ஆண்டு மே மாதம், குடியரசுத் தலைவர் டிகால் முன்னிலையில், பிரெஞ்சு நாட்டின் செயின்ட் நாசேர் கப்பல் தளத்தில் 'பிரான்ஸ்' நீரில் இறங்கியது. நீளம் ஏறத்தாழ 316 மீட்டர். நான்கு சுழல்விசிறிகள், நீராவி டர்பைன்கள், மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் வேகம். 1962-இல் நியூயார்க்குக்குத் தன் முதற்பயணம் சென்றது. ஆனால், ஜெட் விமானம் அதற்கு முன்பே வந்துவிட்டதே! அரசின் மானியத்தில் ஓடிய அக்கப்பலை 1973-இன் எண்ணெய் விலையேற்றம் வீழ்த்தியது. 1974-இல் மானியம் நின்றது. வேலையிழக்கவிருந்த மாலுமிகள் கப்பலைக் கைப்பற்றி, லெ ஹாவ்ர் துறைமுக வாயிலில் நிறுத்திப் போராடியும் பயனில்லை.

1979-இல் நார்வே நாட்டுக் கப்பல் அதிபர் நட் குளோஸ்டர் அதை வாங்கினார். அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நான்கு சுழல்விசிறிகளில் இரண்டைக் கழற்றியதுதான்! இயந்திரங்களில் ஒரு பகுதியும் நீக்கப்பட்டது. வேகம் ஏறத்தாழப் பாதியாயிற்று. எரிபொருட் செலவும் பெரிதும் குறைந்தது. எங்கும் விரைந்து சேர வேண்டாத பயணிக்கு வேகம் எதற்கு? 'நார்வே' என்னும் புதுப் பெயருடன் 1980 முதல் மயாமியிலிருந்து கரீபியத் தீவுகளைச் சுற்றியது. பயணிகளை மயாமிக்குக் கொண்டு வந்து சேர்த்ததோ விமானம்! கப்பலின் பழைய தொழிலைக் கொன்ற விமானமே புதிய தொழிலுக்கு ஆள் திரட்டித் தந்தது.

பெருத்த உருவம்

'நார்வே' ஈட்டிய வருவாய், கப்பல் பெரிதானால் ஆளொன்றுக்கு ஆகும் செலவு குறையும் என்பதைப் பிற கம்பெனிகளுக்கு உணர்த்தியது. 1988-இல் 'சாவரின் ஆப் தி சீஸ்' 73,000 டன்னுடன் வந்தது. 1996-இல் 'கார்னிவல் டெஸ்டினி' இலட்சம் டன்னைத் தாண்டியது. 2009-இல் 'ஒயேசிஸ் ஆப் தி சீஸ்' 2,25,000 டன்னை எட்டியது. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆப் தி சீஸ்' 2,48,663 டன்; இருபது தளங்கள்; ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களும் அதில் இடம் பெறலாம். 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்' 46,328 டன்தான்.

இங்கே டன் என்பது எடையன்று. கப்பலின் உள்ளிட அளவு. பழைய கணக்கில் 100 கனஅடி ஒரு டன். ஆகவே, டன் பெருகியது என்றால் அறையும் அரங்கும் கடையும் பெருகின என்று பொருள். கட்டணம் மட்டுமே இன்று வருவாயன்று. சூதாட்ட அரங்கிலும் கடையிலும் மதுக்கூடத்திலும் பயணி செலவிடுவது பெரும்பங்கு. பயணி கப்பலிலேயே பொழுது போக்குவது கம்பெனிக்கு இலாபம். துறைமுகங்கள் மெல்லப் பின்தள்ளப்பட்டு, கப்பலே காட்சிப் பொருளாயிற்று.

இயந்திரமும் மாறியது. நீராவி போய் டீசல் வந்தது. டீசல் மின்சாரத்தை ஆக்க, அம்மின்சாரம் சுழல்விசிறியைச் சுழற்றுகிறது. 1998-இல் வந்த 'இலேஷன்' முதல், கப்பலின் அடியில் தொங்கி எத்திசையிலும் திரும்பும் கூடுகளில் விசிறிகளைப் பொருத்தலாயினர். இதனால், இழுவைப் படகுகளின் உதவியின்றியே பெருங்கப்பல் துறைமுகத்தில் திரும்ப முடிகிறது.

உல்லாசத்தின் மறுபக்கம்

கடற்சட்டங்களில் பல, உயிர்ப்பலிக்குப் பின்னரே பிறந்தன. டைட்டானிக்கில் சுமார் 1,500 பேர் மாண்ட பிறகே, 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தனர். அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்குத் தப்பும் பயிற்சி தரவேண்டும் என்னும் விதி வந்தது.

ஊழியர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பயணிகளில் பெரும்பாலோர் செல்வ நாட்டினர். பணியாளரோ பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளைச் சேர்ந்தோர் மிகுதி. கப்பலில் பறப்பது பெரும்பாலும் பகாமாஸ் அல்லது பனாமாவின் கொடி. எந்நாட்டுக் கொடியோ அந்நாட்டுச் சட்டமே கப்பலில் செல்லும் என்பதால், வரியும் தொழிலாளர் சட்டமும் எளிதாக உள்ள நாட்டின் கொடியை முதலாளி தேர்ந்து கொள்கிறார்.

2003 மே மாதம் மயாமியில் நின்றிருந்த 'நார்வே'யின் கொதிகலன் வெடித்தது. இறந்த எண்மரும் ஊழியர்களே. பராமரிப்பிலும் சோதனையிலும் இருந்த குறைபாடுகளே காரணம் என்று அமெரிக்க விசாரணை கூறியது. கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. 'புளூ லேடி' என்னும் மூன்றாம் பெயருடன் 2006-இல் அது வந்து சேர்ந்த இடம், நம் குஜராத்தின் அலாங் கடற்கரை. அதனுள் கல்நார் மிகுதியாக இருந்ததால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கல்நார்த் தூசு நுரையீரலில் படிந்தால், பல்லாண்டு கழித்தும் புற்றுநோய் உண்டாகலாம். 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அனுமதி தந்தது, கப்பல் உடைக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டின் பெருமையாகப் பிறந்து, அமெரிக்கப் பயணிகளின் உல்லாசமாக வாழ்ந்த கப்பலைத் துண்டு துண்டாக அறுத்தவர்கள் இந்தியத் தொழிலாளர்களே.

நாம் எண்ண வேண்டியது

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 'எம்பிரஸ்' என்னும் அக்கப்பல், 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில், 'பிரான்ஸ்' பிறந்த அதே செயின்ட் நாசேர் தளத்தில் கட்டப்பட்டதாகும். இத்தொழில் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. சுற்றுலா வளர்ந்தால் வேலைவாய்ப்பும் வளரும், அதை வரவேற்போம். ஆனால், கப்பலின் நீளத்தையும் தளங்களையும் வியந்து எண்ணும்போது, அது எந்நாட்டுக் கொடியின் கீழ் ஓடுகிறது, அதன் கொதிகலன் அறையில் நிற்பவருக்கு என்ன பாதுகாப்பு, பழுதானபின் அதை உடைக்கப்போவது யார் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகுவோம். வரலாறும் பொருளாதாரமும் பயிலும் நமக்கு அது கடமையுமாகும்.