லைசென்ஸில் ஒரு 'எச்'... பிரீமியத்தில் எத்தனை சைபர்?

ஒரே ஒரு எழுத்து, பாஸ்! அமெரிக்காவில் லாரி ஓட்டுறவங்க லைசென்ஸில் 'எச்' என்ற எழுத்து விழுந்துட்டா, பெட்ரோல், ஆசிட், வெடிமருந்துனு வில்லங்கமான சரக்கையெல்லாம் ஏத்தலாம். வாடகையும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். 'அப்புறமென்ன, வாங்கிட வேண்டியதுதானே?'ன்னு தோணுதா? ஒரே ஒரு லாரி வாங்கி, தானே ஓட்டிப் பிழைக்கிற ஓனர்-கம்-டிரைவருக்கு உடனே வர்ற பயம், 'இன்ஷூரன்ஸ் எகிறிடுமே!'

எழுத்து வாங்குறது ஒரு குட்டி என்ட்ரன்ஸ் எக்ஸாம் மாதிரி. 30 கேள்வி, பாஸாக 80 சதவிகிதம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த சட்டத்தால் கைரேகை கொடுக்கணும். போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை உங்க ஜாதகத்தையே அலசி ஓகே சொல்லணும். 2022 பிப்ரவரியில் இருந்து, முதல் முறை வாங்குறவங்களுக்குப் பயிற்சி வகுப்பும் கட்டாயம்.

சரி, எழுத்து விழுந்த மறுநாளே பிரீமியம் ஏறிடுமா? அங்கேதான் பலரும் குழம்புறாங்க. இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற கேள்வி, 'டிரெய்லருக்குள்ள என்னய்யா இருக்கு?' என்பதுதான். 'எச்' வாங்கி வச்சுக்கிட்டு ஆயுசுக்கும் பிஸ்கட் லோடு அடிச்சீங்கன்னா, பிஸ்கட்டுக்கு உண்டான பிரீமியம்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம். மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்கு ஓடுற பெரிய லாரி, சாதாரண சரக்குக்கே குறைந்தது 7.5 லட்சம் டாலருக்கு லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் எடுக்கணும். (ஆமா, ஏழரைதான்!) பெட்ரோல், டீசல் மாதிரி எண்ணெய்ச் சரக்குக்கும் பெரும்பாலான ஆபத்தான பொருட்களுக்கும் 10 லட்சம். புரொப்பேன் கேஸை 3,500 கேலனுக்கு, அதாவது சுமார் 13,000 லிட்டருக்கு மேல் பிடிக்கிற டேங்கரில் ஏத்தினா 50 லட்சம் டாலர்! பெட்ரோல் மட்டும் எரியாதான்னு கேட்காதீங்க. சட்டம் அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கு.

இதில் ஒரு சூட்சுமம். சாதாரண லோடு தர்ற புரோக்கர்களே 10 லட்சம் பாலிசி இருந்தாதான் பேசுவாங்க. அதனால டிரம்மில் பெயின்ட் ஏத்தப் போறவருக்கு பாலிசித் தொகை மாறாது, ரேட் மட்டும் கொஞ்சம் ஏறும். (தீப்பிடிக்கிற பெயின்ட் மொத்தம் சுமார் 454 கிலோவைத் தாண்டினாதான் டைமண்ட் வடிவ எச்சரிக்கைப் பலகையும் 'எச்'சும் தேவை.) முதல் படி குட்டிப் படி. அடுத்தது மலை! 50 லட்சத்தையும் ஒரே கம்பெனி தர்றது அபூர்வம். 10 லட்சத்துக்கு ஒரு பாலிசி, அதுக்கு மேல மாடி கட்டுற மாதிரி இன்னொண்ணுன்னு அடுக்கணும். அனுபவம் எத்தனை வருஷம், ஆக்சிடென்ட் உண்டா, எந்த ரூட்னு குடைவாங்க. நிறையக் கம்பெனிகள் டேங்கர்னு கேட்டதுமே கும்பிடு போட்டுடும். சாதாரண சரக்குக்கே, சொந்த பர்மிட்டில் ஓடுறவர் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல கட்டுறது சகஜம்.

அதனாலதான் பலர் தன் லாரியை ஒரு பெரிய கம்பெனிக்கு லீஸுக்கு விட்டுடுறாங்க. பர்மிட் கம்பெனியோடது என்பதால், அந்தப் பெரிய லயபிலிட்டி பாலிசியும் கம்பெனி தலையில். சொந்த வண்டிக்கு ஆகிற சேதம், லோடு இல்லாம சொந்த வேலையா ஓட்டும்போது நடக்கிற விபத்து... இதுக்கு மட்டும் லாரிக்காரர் பாலிசி எடுத்தா போதும். அவருக்கு அந்த எழுத்தால் லாபம்தான். சொந்த பர்மிட் கனவு காண்கிறவர்தான் கால்குலேட்டரைத் தேடணும்.

'ஒரு லோடுதானே, சொல்லாம அடிச்சுட்டா என்ன?' இந்த ஐடியா வராத ஆள் கிடையாது. அங்கே எம்.சி.எஸ்-90 என்று ஓர் இணைப்பு இருக்கு. இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாத சரக்கால் விபத்து நடந்தாலும், அடிபட்ட பொதுமக்களுக்கும் கொட்டினதைச் சுத்தம் செய்யவும் அவர் பணம் கொடுத்தே ஆகணும். 'அப்பாடா'ன்னு மூச்சு விடாதீங்க... கொடுத்ததை லாரி முதலாளியிடம் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. லாரி, வீடு, சேமிப்பு எல்லாம் காலி!

இந்தத் தொகையாவது போதுமா? 2023 ஜூன் 11 அன்று பிலடெல்பியாவில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து எரிந்ததில், ஐ-95 நெடுஞ்சாலைப் பாலமே இடிந்து விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். சீரமைப்புக்காக மறுநாளே மாநில கவர்னர் ஒதுக்கியது 70 லட்சம் டாலர். அந்த மாதிரி சரக்குக்குச் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் எவ்வளவுன்னு மேலே ஒருமுறை பார்த்துக்குங்க.

1980-ல் போட்ட சட்டத்தின்படி, 1985-ல் முழுசா அமலுக்கு வந்த தொகை இது. விலைவாசி எங்கேயோ போயாச்சு. விபத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தவங்க 'ஏத்துங்க'ன்னு போராடுறாங்க. ஓனர்-டிரைவர்கள் சங்கம், 'ஏத்தினா ஒத்த லாரிக்காரன் கடையை மூட வேண்டியதுதான்'னு எதிர்க்குது. பெரிய டேங்கருக்கு மட்டும் ஏத்திட்டு, பெயின்ட் டிரம் ஏத்துறவரை விட்டுடலாமே என்பது நம்ம கட்சி. 2014-ல் அரசு இதைப் பரிசீலிக்க ஆரம்பிச்சு, 2017-ல் கைவிட்டுடுச்சு. அப்புறமும் நாடாளுமன்றத்தில் முயற்சிகள் வந்து போயாச்சு. ஏழரை மட்டும் அப்படியே இருக்கு.